அப்பா போன போர்வெல் லாரி

என் கதைகளைப் படித்துவிட்டு ‘நம்புற மாதிரி இல்லைங்க’ என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே வராது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். நன்றாகவே வருகிறது. நம்ப வைப்பது எப்படி என்று எவரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒன்பது வயதில், கல்வராயன் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில், நான்காம் வகுப்பு முழுவதையும் ஒரு வருடம் நம்ப வைத்தவள் நான்.

அந்த வருடம் அப்பா கூலிக்குச் செம்மரம் வெட்டப் போய், ஆந்திராவில் பிடிபட்டு ஜெயிலில் இருந்தார். மாமா வந்து அம்மாவிடம் சொன்னபோது நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் போனதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். “யாரு கேட்டாலும் அப்பா போர்வெல் லாரிக்குப் போயிக்கிறாருன்னு சொல்லு” என்றாள். எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் அந்த வேலைக்கு வடக்கே போய் பல மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். அம்மா நல்ல பொய்யாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. என் அப்பாவை எவளாவது ஜெயில்காரன் என்று சொல்லிவிடுவாளா, பார்க்கிறேன் என்ற வீம்புதான் வந்தது.

வீம்பு அதிகமாகி முதல் நாளே சொதப்பினேன். அப்பாவை டிரைவராக்கினேன். துளை போட்ட இடமெல்லாம் தண்ணீர் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்ப உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது என்றேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் அடுத்த ஊர்ப் பெண் ஒரே கேள்விதான் கேட்டாள். “உங்கப்பா சைக்கிளக்கூட தள்ளிக்கினுதான வருவாரு?” வகுப்பே சிரித்தது.

மறுநாள் அப்பாவைப் பதவி இறக்கினேன். டிரைவருக்கு உதவியாக, துளை போடும் இரும்பு ராடு தூக்கும் ஆள், அவ்வளவுதான். போட்ட மூன்று துளையிலும் தண்ணீர் இல்லை, வெறும் புழுதி. அப்பாவின் தலைமுடி, இமை எல்லாம் வெள்ளை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. தண்ணீர் வந்ததை நம்பாதவர்கள் வராததை உடனே நம்பினார்கள். அப்பாவைக் கொஞ்சம் கஷ்டப்படுத்தினால் கதை நிற்கும் என்பது அன்று பிடிபட்டது.

பக்கத்துக்காரி மட்டும் விடுவதாக இல்லை. ஏன் போனே பண்ணுவதில்லை என்றாள். குனிந்தபோது போன் சட்டைப் பையிலிருந்து துளைக்குள் விழுந்துவிட்டது, இதையெல்லாம் டிரைவர் போனிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னார் என்றேன். எங்கே படுப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று தினமும் ஒன்று கேட்டாள். என்னை மடக்கத்தான் பார்க்கிறாள் என்று அவளை அடியோடு வெறுத்தேன். பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் அன்றைய பதிலைத் தயார் செய்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது, அந்த லாரியில் சோறாக்க ஆள் உண்டா என்று கேட்டாள். ஒருத்தர் இருக்கிறார் என்றேன்.

“காதுல கடுக்கன் போட்டுக்கினு இருப்பாரா?”

ஆமாம் என்றேன். கேட்பவள் எடுத்துக் கொடுப்பதை மறுக்கக்கூடாது என்று அதற்குள் கற்றிருந்தேன். நன்றாக ஆக்குவாரா என்றாள். பழைய பாடம் நினைவிருந்தது.

“களி மட்டும் அடிபுடிச்சிடும்” என்றேன்.

அவள் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒரு கேள்வி இல்லை. வேறு எவளாவது என் லாரியைச் சந்தேகப்பட்டு வாயெடுத்தால் இவளே சண்டைக்குப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அப்பா திரும்பி வந்து பல வருடம் கழித்துத்தான், தன்னோடு பிடிபட்டவர்களைப் பற்றி வாய் திறந்தார். மரம் வெட்ட ஏற்றிப்போன அதே வண்டியில் அடுத்த ஊர்க்காரர் ஒருவரும் இருந்தாராம். அவளுடைய அப்பா. அவர் வீட்டிலும் பிள்ளையிடம் போர்வெல் லாரி என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

இதையும் நம்புகிற மாதிரி இல்லை என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். தன் அப்பாவை ஏற்றிவிட என் லாரியில் அவள் இத்தனை நாள் இடம் தேடியிருக்கிறாள். கடுக்கனைச் சொன்னது நானில்லையே, அவள்தானே என்று அந்த வரிசையில் நின்ற எனக்குத் தோன்றவே இல்லை.