அவசரத்தின் வண்டி

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனியில் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். "அவசரம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டு முடிப்பதற்குள், வந்தவர் அடுத்த வேலைக்குக் கிளம்பியிருப்பாராம். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. சாலையில்தான் ஆள் மாறிவிடுவார். கம்பெனி கொடுத்த வெள்ளை வேனில் ஏறிவிட்டால் முன்னால் போகிறவன் ஜென்ம விரோதி. ஒட்டிக்கொண்டே போய்க் கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பார். பின்னால் கேஸ் சிலிண்டர்கள் உருளும் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிடுவேன்.

ஒரு நாள் கம்பெனி வண்டிகள் எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் பெட்டி வைத்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகம், எத்தனை திடீர் பிரேக், எல்லாமே ஆபீஸ் திரையில் தெரியும். முரட்டுத்தனமாக ஓட்டினால் பெட்டி 'பீப்' என்று கத்தும். மாதக் கடைசியில் மார்க் போடுவார்கள். இவர் முதல் வாரமே துண்டை நாலாக மடித்துப் பெட்டியின் மேல் அமுக்கிவிட்டு, திரையைப் பார்க்கும் பெண்ணுக்குத் தானே போன் செய்து பெருமையடித்தார்.

"இப்பல்லாம் சத்தமே வரல, பாத்தியாம்மா?"

"சத்தம் உங்களுக்குத்தாண்ணா வரல. இங்க எனக்கு வரிசையா சிவப்பா வந்துக்கிட்டே இருக்கு."

அந்த மாதம் அவர்தான் கடைசி. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதமும் இதே கதை என்றால் வேன் வேறு ஆளுக்கு, இவர் பட்டறையில் உட்கார்ந்து கம்ப்ரஸர் பிரிக்க வேண்டியதுதான். படம் பார்க்கப் போனால்கூட இடைவேளைக்கு முன்பே வாசலில் போய் நிற்கிற மனுஷன். அன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னைய ஸ்டூல்ல கட்டிப் போடப் போறாங்க" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

வேனில் நான் ஏறக்கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் பயிற்சியை எங்கள் ஸ்கூட்டரில் ஆரம்பித்தோம். அவர் பிரேக் பிடித்து என் மூக்கு அவர் முதுகில் இடிக்கும்போதெல்லாம் காதருகே "பீப்" என்றேன்.

"எதுக்குடி இப்படிக் கத்துற? எல்லாரும் பாக்கறாங்க."

"மூக்கு என்னோடது. முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க."

"விட்டா வேற எவனாவது பூந்துடுவான்."

"பூந்துட்டுப் போகட்டும். நம்ம சொத்தா போகுது?"

எங்கள் மகள் இதை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அப்பா கதவை அறைந்து சாத்தினால் பீப். சுடச்சுட டீயை ஒரே மடக்கில் விழுங்கினால் பீப். ஒருநாள் நான் அவளை வீட்டுப்பாடத்துக்காக வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள்ளிருந்து "பீப்!" என்று இவர் குரல். அதற்குப் பிறகு எங்கே திட்டுவது.

அடுத்த மாதம் எல்லாரையும்விட அவருக்குத்தான் மார்க் அதிகம். அதுவே வினையாகப் போயிற்று. வேறு யாரிடமோ வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறார் என்று மேனேஜருக்குச் சந்தேகம். திரை பார்க்கும் பெண்ணே, "உண்மையச் சொல்லுங்கண்ணா, ஓட்டறது நீங்கதானா?" என்றாளாம். மேனேஜர் ஒருநாள் கூடவே உட்கார்ந்து வந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. பொய் என்று தெரிந்தால் வேன் மட்டுமல்ல, வேலையும் போய்விடும்.

அன்று பாலத்து இறக்கத்தில் ஒரு பைக் குறுக்கே பாய்ந்தது. முன்னால் இடம் விட்டிருந்ததால் இவர் பதறாமல் காலை மெல்ல அழுத்தியிருக்கிறார். பின்னால் ஒரு சிலிண்டர்கூட அசையவில்லை. வாய் மட்டும் தானாக "பீப்" என்றிருக்கிறது.

மேனேஜர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "இதுவா கத்துச்சு?"

"இல்ல சார், அது என் பொண்டாட்டி."

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் வழி நெடுகச் சிரித்தாராம். வேன் இவரிடமே இருந்தது. பட்டப்பெயரும் மாறவில்லை. புதிதாகச் சேருகிற டிரைவர்களை "கொஞ்ச நாள் அவசரத்தோட போயிட்டு வா" என்று அனுப்புவார்கள்.

போன மாதம் நெஞ்சு வலிக்கிறது என்றார். டாக்சி பிடித்தேன். "சீக்கிரம் போங்க, இன்னும் சீக்கிரம்" என்று டிரைவரை விரட்டிக்கொண்டே இருந்தேன். என் மடியில் தலை வைத்திருந்தவர் கண்ணைத் திறக்காமல் "பீப்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இன்று கம்பெனியிலிருந்து வேனை எடுத்துப்போக ஒருவர் வந்தார். சீப்பு, குடை, சீட்டில் போட்டிருந்த குஷன், அந்தத் துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். நல்ல மனிதர்தான், என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் விருட்டென்று பின்னால் எடுத்தார். ஒரு சைக்கிள் வந்துவிட்டது. பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"பீப்" என்றாள் மகள், வாசலில் நின்றபடியே. பெட்டி அதற்குப் பிறகுதான் கத்தியது.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்ல அங்கிள். கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்க."

அவர் தலையசைத்தார். வேன் தெருமுனை திரும்பும்வரை காது கொடுத்து நின்றோம். சிலிண்டர் உருளும் சத்தம் கேட்கவில்லை.