தெற்குக் காற்று அடித்த நாள்

பெர்மியோ துறைமுகத்தில் எங்களோடு வலை பின்னும் பிரிஷிதா, வானிலை விஷயத்தில் மட்டும் சாமிக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டாள். ரேடியோக்காரன் மழை என்றால், "மழையாம் மழை! இது வெறும் சிரிமிரிடா" என்று பெட்டியோடு மல்லுக்கு நிற்பாள். குடை பிடிக்கக் கூச்சப்பட வைத்து, உள்பாவாடைவரை நனைத்துவிடுமே, அந்தத் தூறல்தான் சிரிமிரி.

அவள் தங்கை தெரேஷாவும் எங்களோடு வலை பின்னுகிறவள்தான். ஒருநாள் தெரேஷாவின் புருஷன் மெலித்தோன், புயல் வருமென்று பயந்து, நெத்திலிக் கூட்டத்தை விட்டுவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தான். புயலும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. கரையில் எல்லோர் முன்னாலும் பிரிஷிதா கத்தினாள்: "இவனுக்கு எதுக்குடி படகு? பாவாடையைக் கட்டிவிட்டு இங்க வலை பின்ன உக்கார வை!"

அன்றோடு பேச்சு நின்றது. அக்காளும் தங்கையும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தியிடமிருந்து நூலை வாங்கி இன்னொருத்திக்கு நான் கொடுக்க வேண்டும். என் தலையெழுத்து!

எங்கள் ஊரில் இதற்கு வழி இருக்கிறது. தெற்குக் காற்று அடித்தால் எல்லோருக்கும் தலை கிறுகிறுக்கும். அன்று பேசியதை யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. 'அன்னைக்குத் தெற்குக் காத்து' என்று சொன்னால் போதும், மன்னிப்புகூடக் கேட்க வேண்டாம்.

"சொல்லித் தொலையேன்டி" என்றேன் பிரிஷிதாவிடம்.

"அன்னைக்கு சிரிமிரி. நீயும்தானே நனைஞ்ச? காத்தைப் பத்திப் பொய் சொல்லச் சொல்றியா?"

"வறட்டுப் பிடிவாதக்காரி!"

மெலித்தோன் செத்தபோதுகூட பிரிஷிதா மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விட்டாள். இந்த இலையுதிர் காலத்தில், மகள் கூப்பிட்டாளென்று தெரேஷா சிலி நாட்டுக்கே கிளம்பினாள். போனால் திரும்பி வருகிற வயசில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நான்தான் கூடப் போனேன்.

பஸ் வந்து நின்ற பிறகு பிரிஷிதா வந்தாள். வலை ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் தூறலில் ஓடி வந்திருந்தாள்.

"தெரேஷா... அன்னைக்கு... தெற்குக் காத்து அடிச்சுதுடி."

தெரேஷா படியில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். அக்காளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமாக்கா. என்ன காத்து! கொடியில போட்ட துணியெல்லாம் பறந்துச்சே."

"மெலித்தோன் தொப்பிகூட."

"தொப்பிகூடத்தான்" என்று அவள் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்தான். "கொஞ்சம் பொறுத்தா உன் பஸ் கெட்டாபோயிடும்?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

பிரிஷிதா கத்திய அன்று கரையில் என் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யார் கேட்டாலும், தெற்குக் காற்றுதான் அடித்தது என்பேன்.