புருல் எஜேயும் படம் வரையும் பெட்டியும்

கணினியை முடுக்கும் முன் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார் புருல், குதிரையின் கழுத்தைத் தட்டுவதுபோல. "எந்திரிடா ராசா, வேலை கெடக்கு." விசிறி உறுமத் தொடங்கியதும் மாவுக் கிண்ணத்தைத் துணியால் மூடி, சூடான காற்று வரும் பின்புறத்தில் வைப்பார். ஏப்ரலிலும் பனி விடாத நாரின் மலையூரில் மாவு பொங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மத்தியானம் அவரது அச்சுக்கடைக்கு வருகிறவர்களுக்குப் பொரித்த போர்சோக் நிச்சயம்.

நாற்பத்தாறு வயது. ஊரில் எந்த விருந்தானாலும் பின்னால் தொங்கும் பேனர் பத்தொன்பது வருடமாக அவர் கடையிலிருந்து போனதுதான். பாதி ஊருக்கு அவர் எஜே, அக்கா. வெளிநாட்டிலிருந்து வந்த நான் என் குடியிருப்பு அனுமதித் தாள்களை நகலெடுப்பதும் அங்கேதான். ஏதாவது குறைந்துவிட்டதோ என்று மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருப்பேன். "உன்னைத் தொரத்தினா எனக்கு இங்கிலீஷ் எழுத ஆள் ஏது? ஒக்காரு, டீ குடி" என்பார்.

எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை மூளையைப் பற்றி அவர் கேள்விப்பட்டது போன இலையுதிர்காலத்தில். இணையத்தில் ஓடுவது வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "லைன் போனா நான் கடையச் சாத்தணுமா? எம் பொட்டியிலயே ஓடணும்." அதற்கு வேண்டிய வரைகலை அட்டை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கம்பளிச் சால்வையில் சுற்றிக்கொண்டு வேனில் வந்தது. மூளைக் கோப்பு இறங்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. இரண்டு தடவை அறுந்து, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் திரையில் ஒரு கட்டம் திறந்து, கீழே எழுதச் சொல்லி மினுக்கியது. புருல் கையைத் துடைத்துக்கொண்டு எழுதிய முதல் சொல், குதிரை. வந்த குதிரைக்கு ஐந்து கால்.

"யாரு வாங்குவா இத?" என்று சிரித்தார். "லாடம் அடிக்கிறவன் வேணா சந்தோஷப்படுவான்."

ஒரு மாதத்தில் மலை, பூ, கழுகு எல்லாம் வசப்பட்டன. அப்போதுதான் லாரி ஓட்டும் எசன்பெக் வந்தார். ஒரு வயது மகள் செசிம் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கயிறு வெட்டும் விழா. குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் சேர்த்துக் கட்டுவார்கள். ஓட்டப்பந்தயம் வைத்து, முந்தி வருகிறவர், குழந்தை இனித் தடையில்லாமல் நடக்கட்டும் என்று கத்தியால் அதை வெட்டிவிடுவார். வேறெங்கும் இல்லாத பேனர் வேண்டும் என்றார் எசன்பெக்.

புருல் சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன்: கயிற்றால் கால் கட்டப்பட்ட குழந்தை, கத்தியோடு அதை நோக்கி ஓடிவரும் ஆட்கள். பெட்டி உறுமி, ஒரு காட்டை வரைந்தது. இருட்டு. அழும் குழந்தை. முகமூடி போட்ட மூன்று பேர்.

எசன்பெக் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "எஜே, இது எம் பொண்ணு விழாவா, கடத்தல் கேஸா?"

புருல் அந்தப் படத்தை மூடினார்.

"கயிற விட்ருங்க எஜே. பலூனும் பூவும் போதும். முடியலன்னா சொல்லுங்க, பிஷ்கெக்ல ஒரு கடை இருக்கு, அவன்கிட்ட குடுத்துடறேன்."

"கயிறு இல்லாமக் கயிறு வெட்டுற விழாவா? பிஷ்கெக்காரனுக்குப் பலூன்தான் தெரியும். வெள்ளிக்கிழம சாயங்காலம் வா. புடிக்கலன்னா எடுத்துட்டுப் போயி மாட்டுக்கொட்டாய்க்குக் கூரையாப் போடு."

மூன்று நாள் இருந்தது. கத்தி, கட்டு என்ற சொற்களை முதலில் நீக்கினார். புல்வெளி, சிரிக்கும் குழந்தை, அக்குளில் தாங்கும் அம்மாவின் கைகள், பின்னால் ஓடிவரும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். குழந்தை சிரித்தது. நூல் மட்டும் ஒருமுறை பாம்பானது, ஒருமுறை சங்கிலியானது, ஒருமுறை ஷூ லேஸானது. வியாழன் மத்தியானம்வரை நூற்று நாற்பது படம். ஒவ்வொன்றிலும் கால் விரல்களை எண்ணினார்.

"பலூனே போட்டுடலாமே எஜே" என்றேன்.

"ஒலகத்துல உள்ள படமெல்லாம் இது பாத்திருக்காம்ல? நம்மளப் பாத்ததில்ல. காட்டுனாத்தான தெரியும்."

கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கம்பளி இழைகளைத் தொடையில் வைத்து முறுக்கினார். தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பச்சைத் துணிமேல் இரண்டு காலாக நிறுத்தி, முடிச்சுப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். இடது கையால் படம் பிடித்து, அதையே பெட்டிக்குக் கொடுத்தார். பார்த்து வரையச் சொன்னார். நான்காவது தடவை, செசிம் வயதுக் குழந்தையொன்று புல்லில் நின்றது. கணுக்காலில் நம்ம நூல், இழை பிரித்துப் பார்க்கலாம் போல.

வெள்ளிக்கிழமை எசன்பெக் பேனரில் மூக்கு இடிக்கும்படி குனிந்து ஒரு காலின் விரல்களை எண்ணத் தொடங்கினார்.

"அஞ்சுதான். நான் எண்ணிட்டேன். அடுத்த கால எண்ணு" என்றார் புருல்.

எசன்பெக் நிமிர்ந்து பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு, விருந்து மண்டபம் நிறைந்திருந்தது. பந்தயம் ஓடி முடிந்து, செசிமின் நூலும் வெட்டியாயிற்று. எசன்பெக் மகளைக் கையில் தூக்கிக்கொண்டு குடும்பப் படத்துக்காகப் பேனர் முன் போய் நின்றார். லாரிக்காரர், அகலமான ஆள். படம் பிடிப்பவர் கேமராவைத் தூக்கி, எல்லாரையும் சிரிக்கச் சொன்னார்.

இரண்டாம் மேசையில் இறைச்சியை மென்றுகொண்டிருந்த புருல் எழுந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் தாண்டி நடந்து போய், எசன்பெக்கின் முழங்கையைப் பிடித்து, ஓரடி இடப்பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். பின்னால் பேனரில் நூல் முழுதாகத் தெரிந்தது.