பெயின்டரும் பதின்மூன்றாம் அதிகாரமும்

அந்தப் பெயின்டரைச் சபையில் எல்லாரும் பட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வர்ணம் அடிக்கும் முன் சுவரைச் சமமாக்கப் பூசும் வெள்ளைப் பட்டி பார்ப்பதில் அப்படி ஒரு கை. வெயில் பக்கவாட்டில் விழும்போதுகூட அவர் தேய்த்து முடித்த சுவரில் மேடு பள்ளம் தெரியாது. வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடமாக மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். திருவிருந்து அன்று அப்பத்தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவரும் அவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்றாலும் வாசிப்பில் தடுமாற்றம் இருக்காது. சனிக்கிழமை வேலை முடிந்து கை கழுவியதும், சாரத்தின் கீழே உட்கார்ந்து மறுநாள் பகுதியை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய விரல் நுனிகளில் வெள்ளை விழுந்தது. பட்டிதான் ஒட்டியிருக்கிறது என்று ஒரு வாரம் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். போகவில்லை. பிறகு முழங்கையில் வந்தது, பிறகு வாயோரத்தில். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, நிறம் மட்டும்தான் போகும் என்றார். ஆயுசு முழுக்க நிறம் போன சுவர்களோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா என்று டாக்டரிடமே சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார்.

சிரிப்பு அடங்கியது இந்த வருடம்தான். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் சபைச் செயலாளராக வந்தார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பட்டிக்காரரைப் பதிவேட்டு அறைக்கு அழைத்தார். பீரோவும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும் போக இரண்டு பேர் நிற்கத்தான் அங்கே இடம். சில குடும்பங்கள் அவர் கையால் அப்பம் எடுக்கச் சங்கடப்படுவதாகச் செயலாளர் மெல்லச் சொன்னார். கொஞ்ச நாளைக்குத் தட்டும் வேண்டாம், வாசிப்பும் வேண்டாம் என்றார். இது ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைப் பட்டிக்காரர் எடுத்துச் சொன்னார். செயலாளர் தயாராக வைத்திருந்த வேதத்தைத் திறந்து, லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இது நான் சொல்லலை. வெண்குஷ்டம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இங்க குஷ்டரோகின்னு போட்டிருக்கு. பாளயத்துக்கு வெளியே இருக்கணும்னு நாற்பத்தாறாம் வசனத்துல இருக்கு. வேதத்தை மீற நான் யாரு?"

பட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். இருபது வருடமாக எந்தப் புத்தகத்தை எடுத்து ஊருக்கெல்லாம் வாசித்தாரோ, அதே புத்தகம் அவர் முகத்தில் கதவைச் சாத்தியது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனையில் வரிசையில் நின்று, தனக்கிருப்பது தொழுநோய் அல்ல என்று ஒரு கடிதம் வாங்கிவந்தார். அவருடைய மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். சாயங்காலம் வந்ததும் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிங்க. இருந்திருந்தா?"

"என்ன இருந்திருந்தா?"

"தொழுநோயே இருந்திருந்தா, தள்ளி வெச்சது சரின்னு ஆயிடுமா? அதுக்குத்தான் மாத்திரை இருக்கே. எங்க லைன்ல ஒரு அக்கா சாப்பிட்டுச் சரியாகி, என் பக்கத்துலதான் உக்காந்து தைக்கிறாங்க. நீங்க ஓடிப்போய் லெட்டர் வாங்கினதைக் கேட்டா அவங்க என்ன நினைப்பாங்க?"

சுருக்கென்று தைத்தது. செயலாளர்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் தன்மேலேயே திரும்பியது. கடிதத்தை நாலாக மடித்துப் பீரோவுக்கு அடியில் தள்ளினார். பிறகு வேதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பகுதி வாசிப்புப் பட்டியலில் வந்ததே இல்லை.

படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. உடம்பில் மங்கின வெள்ளைப் புள்ளிகள் வந்தவன் சுத்தமுள்ளவன் என்று முப்பத்தொன்பதாம் வசனத்திலேயே இருந்தது. தலை முதல் கால்வரை வெளுத்துப்போனவனைக்கூடச் சுத்தமுள்ளவன் என்றுதான் சொல்லியிருந்தது. இன்னும் கீழே போனால் அதே தோஷம் துணிக்கு வருகிறது. கம்பளித் துணிக்கும் வருகிறது, தோல் பைக்கும் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கே வருகிறது. பச்சையும் சிவப்புமாகக் குழி விழுந்தால் ஏழு நாள் வீட்டைப் பூட்டி வை, அப்புறமும் பரவினால் கல்லைப் பெயர்த்து எடு, உள்பக்கமெல்லாம் சுரண்டு, வேறு கல் வைத்துப் புதுச் சாந்து பூசு என்று வரிசையாக வேலை சொல்லியிருந்தது.

"இங்க வாம்மா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "இதைக் கேளு. ஓதம் ஏறின சுவரு. பூஞ்சை. முப்பது வருஷமா நான் பாக்கற வேலை இது. சுவருக்கு எங்கேயாவது தொழுநோய் வருமா? அந்தாளு முப்பத்தொன்பதைத் தாண்டிக் குதிச்சு நாற்பத்தாறுல போய் நின்னிருக்காரு."

அன்றைக்கே போதகர் வீட்டுக்குப் போனார். போதகருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். யார் மனதும் நோகாமல் பேசுகிறவர். பட்டிக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் கண்டுபிடித்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். எபிரெயத்தில் அது 'சாராத்' என்ற ஒரு சொல் என்றார். தோலில் வரும் பல விதமான படை, துணியில் பிடிக்கும் பூசணம், சுவரில் பூக்கும் பூஞ்சை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தானாம். நாம் இன்று தொழுநோய் என்று சொல்வது அது அல்ல என்பதுதான் படித்தவர்களில் பெரும்பாலோருடைய கருத்தாம். மொழிபெயர்க்கும்போது குஷ்டம் என்று போட்டுவிட்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது என்றார்.

"இதை எப்பங்கய்யா படிச்சீங்க?"

"இறையியல் கல்லூரியிலண்ணே. பத்து வருஷம் இருக்கும்."

"அப்போ, செயலாளர் என்னை நிறுத்தினப்ப உங்களுக்கு இது தெரியும்."

போதகர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "சபை பிரிஞ்சுடக் கூடாதேன்னு பார்த்தேன்."

"நான் பிரிஞ்சது கணக்குல வரலையா?"

செயலாளரைக்கூட அவரால் ஒரு மாதிரி புரிந்துகொள்ள முடிந்தது. விவரம் தெரியாத மனிதர், பாதிப் பக்கம் படித்தார், பயந்தார். விவரம் தெரிந்த போதகர் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த மாதம் சபையின் பொதுக்கூட்டம். கடைசியில், வேறு யாராவது பேச வேண்டுமா என்று செயலாளர் ஒப்புக்குக் கேட்டார். பட்டிக்காரர் எழுந்து நேராக முன்னால் போனார். வடக்குச் சுவரில், செயலாளர் நாற்காலிக்குப் பின்னாலேயே, மழைநீர்க் குழாய் கசிந்து ஆள் உயரத்துக்குப் பச்சை படர்ந்திருந்தது. அவர் பதின்மூன்றாம் அதிகாரத்தின் அந்த முப்பத்தொன்பதாம் வசனத்தையும், பதினான்கில் சுவரைப் பற்றிய பகுதி முழுவதையும் வாசித்தார். வழக்கமாக வாசிக்கும் அதே நிதானம். வாசித்து முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் சுவரை அழுத்தினார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுக்கும் அதே சொல்லுதான் போட்டிருக்கு. என்னை வெளியே நிறுத்தின சட்டப்படி பார்த்தா, முதல்ல இந்தக் கோயிலைப் பூட்டணும்."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். செயலாளர் முகம் சிவந்து, இவர் வேதத்தைக் கேலி செய்கிறார் என்றார்.

"கேலி நான் பண்ணலை. நான் முழுசா வாசிச்சேன். நடுவுல விட்டுட்டு வாசிச்சது யாருன்னு கேளுங்க."

எல்லாரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். பட்டிக்காரரிடம் வீட்டில் சொன்னதையெல்லாம் சபைக்கும் சொன்னார். இதை முன்பே சொல்லாதது தன் தவறு என்றும் சொன்னார். அதுமட்டும் பட்டிக்காரர் எதிர்பாராதது. பட்டிக்காரரையே திரும்ப அமர்த்தச் சம்மதிப்பவர்களைக் கைதூக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் தூக்கினார்கள். வாசிப்பும் தட்டும் அவருக்கே திரும்பின. செயலாளர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, பதவியையும் விடவில்லை.

வாசலில் பலர் வந்து கைகுலுக்கினார்கள். பாடகர் குழுவை நடத்தும் அம்மாள் ஒருத்தி நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள், உங்களுக்கு அந்த நோய் இல்லை என்று எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது, நிம்மதி என்று. பக்கத்தில் நின்ற மனைவியை அவர் ஒருதரம் பார்த்தார்.

"இருந்திருந்தாலும் நான் இங்கதாங்க இருப்பேன்," என்றார். அந்த அம்மாளின் புன்னகை அப்படியே நின்றுபோயிற்று. அதற்காக அவர் வருத்தப்படவில்லை.

அப்பத்தட்டை ஏந்திப் போகிறார் இப்போது. செயலாளர் வீட்டார் அவர் தட்டு வராத எதிர்வரிசைக்கு மாறிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றி முழுப் பிரசங்கம் செய்வதாகப் போதகர் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று மாதமாகிறது, இன்னும் செய்யவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் கைகுலுக்கும்போது பட்டிக்காரர் அவர் கையைச் சட்டென்று விடுவதில்லை.

"எந்த ஞாயித்துக்கிழமைங்கய்யா?" என்று கேட்கிறார். பின்னால் நிற்பவர்கள் காதிலும் விழும்படியாகத்தான்.