பெரியப்பா பாஸ் போட்ட டார்ச்

எங்கள் பெரியப்பா சாரங்கபாணிக்கு எழுபத்தெட்டாவது வயதில் ஒரு டார்ச் லைட் தேவைப்பட்டது. அதைத் தேடிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஜூன் மாதம் ஆரம்பித்தது, ஆயுத பூஜை வரைக்கும் இழுத்தது. நடுவில் ஏழு டார்ச் பலி. பெருமாள் புண்ணியத்தில் மனுஷர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தம்பி தீபக்கின் கையைத் தவிர.

பெரியப்பா பிறந்து வளர்ந்தது செகந்திராபாத்தில். எங்கள் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கமிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அதனால் பெரியப்பாவின் தமிழில் பாதி ஹைதராபாத் இருக்கும். எதற்கு என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். இதில் நக்கோவைத் தெருவே கேட்டிருக்கிறது. ஹவ்வைக் கேட்டவர்கள் குறைவு. அவருடைய உத்தியோகம் அப்படி. ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்துப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருபத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்டர். செய்து வருகிற சாமானைப் பரீட்சை பார்த்து, நல்லதுக்குப் பச்சைச் சீட்டும் ஆகாததுக்குச் சிவப்புச் சீட்டும் கட்டுவார். ரிடையர் ஆகிறபோது மற்றவர்கள் சால்வையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பெரியப்பா ஒரு கட்டு சிவப்புச் சீட்டைக் கேட்டு வாங்கி வந்தார். பச்சை கேட்கவில்லை.

அந்தக் கட்டு வீட்டில் வேலை செய்தது. குடையில் சிவப்புச் சீட்டு, காஸ் லைட்டரில் சிவப்புச் சீட்டு. நான் செய்த ரவா லட்டு டப்பாவில் ஒரு தரம் தொங்கியது. உருண்டைகள் ஒரே அளவில் இல்லையாம். பெரியம்மா சகுந்தலா உயிரோடு இருந்தபோது சொல்லிச் சிரிப்பார், கல்யாணத்தன்று மூன்றாவது முடிச்சும் போட்ட பிறகு இவர் அதை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாராம். சாஸ்திரிகளுக்குக் கோபம் வந்துவிட்டதாம். "முடிச்சு தாங்கிச்சு. அதனாலதான் நானும் இருக்கேன்" என்பார் பெரியம்மா. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்போதிருந்து வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையில் நான் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைக்கிறேன்.

அந்த ஜூனில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோது பெரியப்பா பாத்ரூமுக்கு நடந்து, முக்காலியில் இடித்துக்கொண்டு விழுந்தார். முழங்கால் வீங்கியது, அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து பேசிய பெரியப்பா பிள்ளை தீபக்குக்கு நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன், அங்கேயே வீடு வாங்கிவிட்டான். எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வான். ஷாமீர்பேட்டைப் பக்கம் பெரியவர்களுக்கான ஒரு ஹோமில் இடம் சொல்லிவைத்துவிட்டதாக அடுத்த வாரமே சொன்னான். இவர் போகமாட்டேன் என்றார். நான் அழுதேன். கடைசியில் அவன் ஒரு வழி விட்டான்.

"தசராவுக்கு வரேன் அக்கா. கரண்ட் போனா அப்பா தானா டார்ச் எடுத்து, தானா போட்டு, யாரும் கை பிடிக்காம பாத்ரூம் போய்ட்டு வரணும். என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா நோ ஆர்க்யுமெண்ட், ஹோம்தான்."

நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டார்ச் வரட்டும், பரீட்சை பார்க்கலாம் என்றார். வீட்டை விட்டுப் போவதா இருப்பதா என்ற கவலையை விட, நாலு மாதத்துக்குப் பரீட்சை வேலை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று எனக்குப் பட்டது.

முதல் டார்ச்சை தீபக்கே அனுப்பினான். பேனா மாதிரி மெலிசு. ஒரு தரம் அமுக்கினால் பெரிய வெளிச்சம், இரண்டாம் தரம் சின்ன வெளிச்சம், மூன்றாம் தரம் பளிச் பளிச்சென்று மின்னும். அணைக்க வேண்டுமென்றால் மின்னுவதைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியப்பா அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"நக்கோ அலமு. மனுஷனுக்கே ஒரு புத்திதான். டார்ச்சுக்குக் கைக்கு மூணு?"

சிவப்புச் சீட்டு கட்டினார்.

அதற்குப் பிறகு நான் தார்நாகாவில் ஜகதீசன் கடைக்குப் போக ஆரம்பித்தேன். விருதுநகர்க்காரர், பல்பு, ஒயர், ஃபேன் விற்கிறவர். எல்லாம் சார்ஜ் போடுகிற டார்ச்தான் எடுத்துக் கொடுத்தார். செல் மாற்றுகிற டார்ச் வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன், செல்லைத் தலைகீழாகப் போட்டுவிட்டு டார்ச்சைத் திட்டுவது எங்கள் வீட்டில் வழக்கம். இரண்டாவது டார்ச்சில் ரேடியோ இருந்தது. இருட்டில் தடவினபோது விளக்குக்குப் பதில் தெலுங்குச் செய்தி வந்தது. மூன்றாவதில் திருடனுக்குச் சத்தம் போடுகிற சைரன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினதில் எதிர்வீட்டுக்காரர் கட்டையோடு ஓடி வந்தார். நாலாவது இவை எதிலும் சேராத சாது. ஆனால் சார்ஜ் போட ஒரு தனி ஒயர், அதன் முனையை ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டையில் செருக வேண்டும். கண் ஆபரேஷன் ஆனவர் எப்படிச் செருகுவார்?

இந்தப் பரீட்சையெல்லாம் தேறி வந்ததையும் அவர் விட்டுவிடவில்லை. இடது கையால் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவின விரலால் போட வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தரம் கீழே நழுவவிட வேண்டும். வாளித் தண்ணீரில் முக்கி நூறு எண்ண வேண்டும், பாத்ரூமில் விழாதா என்ன. கடைசியாக, முழு சார்ஜ் போட்டுப் பத்து நாள் யாரும் தொடக் கூடாது. பதினோராம் நாள் போட்டால் எரிய வேண்டும். அஞ்சாவது டார்ச் வாளியிலேயே போய்ச் சேர்ந்தது. ஆறாவது வாளியிலும் பிழைத்து, பத்து நாள் சும்மா இருந்ததில் செத்தது. ஏழாவது எண்ணெயில் வழுக்கி ஜன்னல் வழியாக வெளியே போனது.

"அக்கா, உங்க பெரியப்பாவுக்கு டார்ச் வேணுமா, இல்ல டார்ச்சுக்கு மாமியார் வேணுமா?" என்று கேட்டார் ஜகதீசன்.

ஆகாத சாமான் நல்ல சாமானோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டமாம். அதனால் ஏழு டார்ச்சையும் சிவப்புச் சீட்டோடு வாசல் கேட்டுக்குப் பக்கத்து சீதாப்பழ மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். காற்று அடித்தால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரும். ஒருநாள் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, இது எந்தச் சாமிக்கு நேர்த்தி என்று தெலுங்கில் பணிவாகக் கேட்டார். நான் இல்லையென்று சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டார். அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் புரையாம். மறுநாள் மரத்தில் எங்களுடையது இல்லாத ஒரு டார்ச் தொங்கியது, மஞ்சள் கயிற்றில். கும்பிட்ட மனசை எப்படி நோகடிப்பது? நான் பேசாமல் இருந்துவிட்டேன். போகப் போக எனக்கே அந்த மரத்தைத் தாண்டும்போது கை குவிந்தது. பெரியப்பா மட்டும் வெளியே போய், மஞ்சள் கயிறு டார்ச்சைப் பரீட்சை பார்த்து, அதற்கும் சிவப்புச் சீட்டு கட்டிவிட்டு வந்தார்.

அக்டோபர் பிறந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. ஜகதீசனிடம் விஷயத்தை முழுசாகச் சொன்னேன், ஹோம் உள்பட. அவர் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு டப்பாவை இறக்கினார்.

"இத யாரும் வாங்க மாட்டாங்க அக்கா. ரேடியோ இல்ல, சைரன் இல்ல. போடலாம், அணைக்கலாம், அம்புட்டுத்தான்."

கைக்கு அடக்கமான குண்டு டார்ச். கட்டை விரல் அகலத்துக்கு ஒரே ஒரு ஸ்விட்ச். மேலே தள்ளினால் எரியும், கீழே தள்ளினால் அணையும். சார்ஜ் போட ஒயர் கிடையாது. பின்பக்கத்திலேயே இரண்டு முள், அப்படியே சுவரில் செருகிவிடலாம். எண்ணெய் தாண்டியது, தரை தாண்டியது, வாளி தாண்டியது. பத்து நாள் சும்மா இருந்தது. பதினோராம் நாள் ஆயுத பூஜை. காலையில் பெரியப்பா இடது கையால் ஸ்விட்சைத் தள்ளினார். எரிந்தது. அணைத்தார். மறுபடி போட்டார்.

"ஹவ்" என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பச்சைச் சீட்டு வீட்டில் ஏது? பூஜைக்கு வாங்கி வைத்திருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து, காம்பில் நூல் கட்டி, டார்ச்சில் தொங்கவிட்டு மேஜையில் வைத்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. அதைச் செய்தவள் நான். அரிவாள்மணை, கத்தரிக்கோல், பெரியப்பாவின் பழைய ஸ்க்ரூ டிரைவர், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பூஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெற்றிலை கட்டின ஒரு சாமான் மேஜையில் இருக்கிறது. அது வேறு எங்கே போகும்? நாலு மாதம் காத்திருந்து வந்த பொருள், பெருமாள் பார்வை முதலில் படட்டும் என்று அதையும் நடுவில் வைத்தேன். நெற்றி மாதிரி இருந்ததால் ஸ்விட்சின் மேல் தாராளமாகச் சந்தனம் அப்பினேன். டார்ச்சின் கண்ணாடியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை எங்கள் வீட்டில் தொடமாட்டோம். காயைக்கூட முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவேன். பெரியப்பாவிடம் சொன்னேன். பாஸ் ஆன சாமான் ஸ்டோருக்குள் போன பிறகு இன்ஸ்பெக்டருக்கு அதில் அதிகாரம் இல்லை என்றார்.

நாலு மணிக்கு தீபக் வந்து சேர்ந்தான். பெரிய பெட்டியை நடையிலேயே நிறுத்திவிட்டு, சோபாவில் கால் நீட்டினான். செல்போன் வழியிலேயே செத்திருந்தது. அந்த மாதம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போகிற முறை மாலை ஆறரை. சரியாகப் போனது.

கூடம் இருட்டு. பூஜை அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சம் முழுக்க டார்ச்சின் மேலேயே விழுந்தது. சந்தனமும் பொட்டுமாக அது உற்சவர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"சரி அப்பா. டார்ச் எங்க?"

"அதோ."

"எடுங்க."

"நாளைக்குக் காலைல."

"இப்ப கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"போயிருக்கே" என்றார் பெரியப்பா.

தீபக் சிரித்தான், சிரிப்பு நன்றாயில்லை. இதற்குத்தான் ஹோம் என்று சொன்னேன், வெள்ளிக்கிழமை போய் இடத்தைப் பார்க்கலாம் என்றான். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, தானே எடுத்து வருவதாக எழுந்து நடந்தான். நடையில் நிறுத்தின பெட்டியை அவன் மறந்துவிட்டான். அதில் தடுக்கி, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பையும் கவிழ்த்துக்கொண்டு விழுந்தான். விழுந்த சத்தத்தில் மரத்து டார்ச்சுகள்கூட ஆடியிருக்கும்.

பெரியப்பா எழுந்தார். சுவரை விரலால் தொட்டுக்கொண்டே, பெட்டியைக் காலால் தடவி ஒதுக்கி, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எந்தக் கை என்று கேட்டார். வலது என்றான். ஈரமாக இருக்கிறது, ரத்தமா செம்புத் தண்ணீரா தெரியவில்லை என்றார். "அலமு, வெளிச்சம் வேணும்."

நான் பூஜை அறையில் போய் நின்றேன். எரிகிற குத்துவிளக்கைத் தூக்கக் கூடாது. பெருமாளே, காலையில் செய்ய வேண்டிய மறுபூஜையை இப்போதே செய்கிறேன், பிள்ளை விழுந்து கிடக்கிறான், ஏற்றுக்கொள் என்று வேண்டினேன். ஒரு சிட்டிகை சர்க்கரை நைவேத்தியம், ஒரு துண்டு கற்பூரம். மறுபூஜை வழக்கப்படி டார்ச்சை வடக்கே கொஞ்சம் நகர்த்தி எடுத்து, கண்ணில் ஒற்றி, பெரியப்பா கையில் கொடுத்தேன்.

ஸ்விட்ச் நகரவில்லை. சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. அவருடைய பரீட்சையில் எண்ணெய் இருந்தது, தண்ணீர் இருந்தது, சந்தனம் இல்லை. பெரியப்பா நகத்தால் சுரண்டினார், வேட்டித் தலைப்பால் துடைத்தார், ஊதினார். இடது கட்டை விரலால் தள்ளினார்.

எரிந்தது. நடுவில் குங்குமம் இருந்ததால் வெளிச்சத்துக்குள் வட்டமாக ஒரு நிழல். அது தீபக்கின் நெற்றியில் விழுந்தது.

ரத்தம் இல்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெரியப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படுக்கை அறைக்குப் போய்த் தைலம் எடுத்தார், பாத்ரூமுக்குப் போய் ஈரத் துண்டு எடுத்தார், திரும்பி வந்தார். யாரும் கை பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி தீபக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர் சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டார். வெள்ளிக்கிழமை ஷாமீர்பேட்டைக்கு யாரும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் ஆறரைக்குக் கரண்ட் போனதும் பெரியப்பா முன்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடப்பார், கட்டுக் கையோடு தீபக் பின்னால் போவான். படி இருக்கு, பார்த்து என்பார். அவன் பார்த்துக் கால் வைப்பான்.

ஊருக்குப் புறப்படுகிற முந்தின நாள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான். "அப்பா இங்கயே இருக்கட்டும் அக்கா. அந்த ஹோமுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அப்புறம், அதே மாதிரி ஒரு டார்ச் தனக்கும் கிடைக்குமா என்று கேட்டான். ஜகதீசன் கடையில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. வாங்கி வந்தேன். தீபக் கை நீட்டுவதற்குள் பெரியப்பா வாங்கிக்கொண்டார். பத்து நாள் தொடாமல் வைக்க வேண்டும், இவனுக்கு மறுநாள் விடியற்காலை விமானம். யோசித்தார். உள்ளே போய்ச் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

சீட்டைக் கழற்ற தீபக்குக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே பையில் வைத்துக்கொண்டு போனான்.