கம்ப்யூட்டரில் இடம் இல்லாத நாள்

ஓசூரில் எங்கள் கம்பெனி பிரஸ் மெஷினில், உடன் வேலை பார்க்கும் மஞ்சுநாத்தின் வலது கை விரல்கள் போன மறுவாரம், ஷிப்ட் கம்ப்யூட்டரில் இடமே இல்லாமல் போனது.

"அந்த மெஷின் போட்டோவெல்லாம் டெலிட் பண்ணிடுப்பா" என்றார் சூப்பர்வைசர். மெஷினின் தடுப்பு உடைந்திருக்கிறதென்று விபத்துக்கு முன்பே நான் எடுத்து அவரிடமே காட்டிய போட்டோக்கள் அவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எது இடத்தை அடைக்கிறதென்று அவர் எதிரிலேயே பார்த்தேன். முக்கால்வாசி அவர் இறக்கி வைத்திருந்த சினிமாக்கள்.

"இத அழிச்சா போதும் சார்" என்று அவற்றை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

போட்டோக்களைப் பென்டிரைவில் போட்டு மஞ்சுநாத்திடம் கொடுத்தேன்.

"எடது கையில வாங்குறேன், தப்பா நெனச்சுக்காதண்ணா" என்றான்.

இந்த விஷயத்தில் இதுவரை மன்னிப்புக் கேட்டது அவன் ஒருவன்தான்.