மரீனாவின் கிரேக்கமும் என் நித்திரையும்

மற்றவர் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலையில், பிள்ளை அழுதால் தூக்கி வைத்திருக்கலாம். தாய் யோசிக்கத் தொடங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. இதே தொழிலில் இருக்கிற சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

அழுத்தாத பிள்ளை

மூன்றரை வயது மரீனாவை தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் இருக்கும் என் வீட்டில் காலையில் விட்டு மாலையில் கூட்டிப் போவாள் தாய் எலேனி. கிரேக்கக் குடும்பம். ஒருநாள் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டபடியே சொன்னாள்: கிரேக்கத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓரிடத்தை அழுத்த வேண்டுமாம். அந்த இடத்து உயிரொலி நீளும், மற்றவை சுருங்கும். மரீனாவோ எல்லாவற்றையும் செங்கல் அடுக்கியது போல ஒரே அளவில் சொல்கிறாளாம். கோடைக்குள் சரிவராவிட்டால் வடக்கு லண்டனில் கிரேக்கம் பேசுகிற நர்சரி ஒன்றில் சேர்த்துவிடுவாளாம்.

நடக்கத் தொடங்கும் முன்பே என்னிடம் வந்த பிள்ளை. பகல் நித்திரைக்கு என் கை இல்லாமல் சரியமாட்டாள். என் தமிழ்தான் காரணமோ என்று கேட்டேன். எலேனி மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பகல் முழுக்க உங்கள் பேச்சைத்தானே கேட்கிறாள்."

வாய்க்குப் பூட்டு

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஒவ்வாத சாப்பாட்டை நிறுத்துவது. அடுத்த நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கை காட்டினேன். நித்திரைக்குக் கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். போனில் கிரேக்கப் பிள்ளைப் பாட்டுகளை ஓடவிட்டேன். மத்தியானம் மரீனா காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஏலாதோ?" என்றாள், சுத்த யாழ்ப்பாணத் தமிழில். இதைத் தாய் கேட்டால் கோடை வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாள்.

வேலையால் வந்த என் மனுசன் வாசலிலேயே நின்று வீட்டை உற்றுக் கேட்டார். விஷயத்தைக் கடதாசித் துண்டில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தார். "இவ்வளவு காலமும் நான் கேட்டுக் கிடைக்காதது. அந்தப் பிள்ளை நல்லாயிருக்கோணும்."

முன்கூட்டி வந்த படங்கள்

எலேனி சும்மா இருக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் வளர வளரக் கிரேக்க உயிரொலிகளை எப்படி அழுத்தப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிற கத்தரீனா என்ற பல்கலைக்கழக மாணவியைப் பிடித்துவிட்டாள். மரீனா பழகிய இடம் என்பதால் ஒலிப்பதிவு என் வீட்டில். பிள்ளை பார்த்து மிரளாமல் இருக்க யானை, வாழைப்பழம், வீடு என்று சில படங்களைக் கத்தரீனா முதலே அனுப்பியிருந்தாள். பரீட்சை இல்லை, தேர்ச்சி இல்லை, ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் என்னிடம் விட்டிருந்த தன் மகன் ஆரனைக் கூட்டிப் போக, அருகிலுள்ள சட்டனிலிருந்து சுகந்தி வந்தாள். நாலு வயது ஆரனுக்கு ஏற்கெனவே கணக்குக்கும் வயலினுக்கும் வகுப்பு வைத்திருப்பவள். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, கேள்வித்தாளே கையிலை வந்திட்டுது. இன்னும் சும்மா இருக்கிறீங்கள்?"

எலேஃபந்தாஸ்

சும்மா இருக்கவில்லை. போனில் கேட்டுக் கேட்டு நானே முதலில் பாடமாக்கினேன். பிறகு அகப்பையால் மேசையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். யானைக்கு எலேஃபந்தாஸ், 'லே' வரும்போது ஒரு தட்டு. சரியாகச் சொன்னால் ஒரு திராட்சை வற்றல். வற்றலுக்காக ஆரனும் வந்து குந்திவிட்டான்.

பதிவு நாளில் மரீனா யானையைக் கண்டதும், போன பஸ்ஸைக் கூப்பிடுவது போல 'லே'யை இழுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மேசையில் ஒரு குத்து. பிறகு என்னிடம் கையை நீட்டினாள். கத்தரீனா காதுமாட்டியைக் கழற்றி, யார் பழக்கியது என்று கேட்டாள். எனக்கு எலேனியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அதற்குள் மூலையில் பொம்மையோடு இருந்த ஆரன், கேட்காமலே எல்லாப் படத்தையும் ஒப்புவித்தான். கத்தரீனா பெருமூச்சு விட்டாள். "இந்த வீட்டில் மிகச் சரியாக அழுத்துகிற ஒரே பிள்ளைக்குக் கிரேக்கமே தெரியாது."

சாதாரணம்

நல்ல காலம், அவள் மைக்கை நிறுத்தவில்லை. பிள்ளைகளை விளையாட விட்டாள். மரீனா தன் பொம்மைக்குக் கிரேக்கத்தில் சோறு தீத்தி, அது சாப்பிடவில்லை என்று நல்ல ஏச்சும் கொடுத்தாள். சில சொல்லில் அழுத்தினாள், சிலதை மட்டமாக விட்டாள். தனக்கு வேண்டியது இதுதான் என்றாள் கத்தரீனா. இந்த வயதில் இப்படித்தானாம். வளர வளர அழுத்துகிற ஒலிக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் கூடிக்கொண்டே போகுமாம். இதில் என் தமிழின் குற்றமாக அவளுக்கு எதுவும் தெரியவில்லையாம். எலேனிக்கும் அதையே சொன்னாள், அகப்பையை மட்டும் விட்டுவிட்டு.

சுகந்தி அன்று மாலையே ஆரனுக்குக் கிரேக்க வகுப்புத் தேடத் தொடங்கினாள். எலேனி நர்சரிக் கதையைக் கைவிட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கும்வரை மரீனா என்னிடம்தான். எலேனி பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சந்தோசப்படுவாள் என்று பார்த்தேன். வாசல்படியில் நின்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "வயதுக்கு ஏற்ற மாதிரி என்றால், மற்றப் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரி இல்லை என்றுதானே அர்த்தம்?"

மரீனாவின் கிரேக்கம் வளருகிற வேகத்தில் வளரட்டும், என்னிடம் பிள்ளை விடுகிற தாய்மாருக்குத்தான் எந்த வயதில் எது சாதாரணம் என்று யாராவது ஆராய்ந்து சொன்னால் நான் இரவில் கொஞ்சம் கண்மூடுவேன்.